பாயசக் கடையில் கை நனைத்தோம்

இப்போதெல்லாம் ஒரு கடைக்குள் நுழைவதற்கு முன்னால் போனை எடுத்து எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். யாரென்றே தெரியாத ஒருவர் ‘சூப்பர்’ என்று எழுதியதை நம்பிப் போய் நானும் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தபோது எங்கள் பக்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. எங்களுக்கு என் மாமா இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஏலம் விடுகிற வேலை. பெட்டி பெட்டியாகத் தக்காளி கொண்டுவருகிற ஊர்க்காரர்கள், ஏலம் முடிந்ததும் அவரைச் சுற்றி நின்றுகொள்வார்கள். எங்கே சாப்பிடலாம், எங்கே துணி எடுக்கலாம், பெண் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் பிடிக்கலாம் என்று எல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். மாமா தக்காளிக்கு விலை கூவுகிற அதே குரலில் பதில் சொல்வார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

கடத்தூரில் ஒரு பரோட்டாக் கடை. சால்னாவுக்காகப் போகலாம், பரோட்டாவைச் செய்த பாவத்துக்குத் தின்ன வேண்டும் என்பார். பாப்பாரப்பட்டிச் சந்தையில் போண்டா நன்றாக இருக்கும், ஆனால் சட்னி கேட்டுவிடக் கூடாது. பெரிய ஜவுளிக் கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சை என்று எடுத்த புடவை வீட்டுக்கு வந்தால் நீலமாகிவிடும், அதனால் வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரோட்டோர மண்டபத்தில் மேளத்தை ஒரு அடி அடித்தால் இரண்டு அடி கேட்கும், காதுள்ளவன் அங்கே கல்யாணம் வைக்க மாட்டான். மாரியம்மன் பண்டிகைக்குப் போடுகிற ஆர்கெஸ்ட்ராவை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறவன் மடையன்; புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றால்தான் பாடுகிறவரின் குரல் டிரம்முக்குள் விழாமல் தனியாகக் கேட்கும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை, அவர் சொன்னது. ஆனால் புளியமரம் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

லீவு நாட்களில் அவருடைய மொபெட்டில் முன்பக்கம் நின்றுகொண்டு நானும் கடை கடையாகப் போவேன். சாப்பிட்டு முடித்ததும் மாமாவே எழுந்து கல்லாவுக்குப் போவார். காசை என் கையில் கொடுத்தனுப்பியதே இல்லை, ஒரு ஐஸுக்குக்கூட. காசு கொடுக்கிறபோதுதானே கடைக்காரர் முகத்துக்கு நேராகத் தீர்ப்பைச் சொல்ல முடியும்! “வடை பரவால்ல. எண்ணெய மாத்துங்க” என்பார். கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாக இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரு ஓட்டல் இருந்தது. அதன் முதலாளி பெங்களூரில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த ஊர்ப் பழக்கத்தில் சாம்பாரில் துளி வெல்லம் போடுவார். நான் பிறப்பதற்கு முன்னால் மாமா ஒரே ஒரு தடவை அங்கே போய்ச் சாப்பிட்டாராம். கல்லாவில் காசை வைத்துவிட்டு, “சாம்பார் கேட்டா பருப்புப் பாயசம் ஊத்தறீங்களே!” என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது பாயசக் கடை. அந்தக் கடைக்கு ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த முதலாளி வீட்டிலிருந்துதான் எங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தது, அவருடைய மகன்.

அக்கா அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் கடை எங்கே இருந்தது என்றால், பாயசக் கடைக்கு நேர் எதிரே. இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதென்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அம்மா கேட்டதற்கு அக்கா தலையைக் குனிந்துகொள்ளவெல்லாம் இல்லை. “இந்த எடம்னா எனக்குச் சரிம்மா. வேற எதையும் பாக்காதீங்க” என்றாள்.

ஆனால் தாய்மாமன் சரி என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்துகூட நடக்காது. மாமா சொல்லவில்லை. “பாயசக் கடைக்காரன் வூட்டுக்கா? ஊர் சிரிக்கும்க்கா” என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பேர வெச்சதே நீதானடா!” என்றாள். மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

எப்படியோ அவரை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் பிடித்திருந்தால் ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டு எழுந்திருப்பார்கள். அன்று காப்பி வந்தது, கேசரி வந்தது, முறுக்கு வந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொடாததால் அப்பா தொடவில்லை, அப்பா தொடாததால் அம்மா தொடவில்லை. காப்பியில் ஆடை படிந்தது. நான் கேசரிக்குக் கை நீட்டியபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, முந்திரி மேலாகத் தெரிகிற கேசரி அது.

மறுநாளே அவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் நல்ல பதில் வந்தால் சந்தோஷம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கப் போகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதுதான் அம்மாவுக்கு அதிகமாக வலித்தது.

மாமா வந்தால் அக்காதான் எப்போதும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கெட் கதை கேட்பாள். அந்த வாரம் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டாவது நாளும் அதே மாதிரி வைத்துவிட்டுப் போனவள், கதவருகே நின்று திரும்பினாள்.

“மாமா, அந்தக் கடையில நீங்க கடைசியா எப்ப சாப்புட்டீங்க?”

ஊருக்கே தீர்ப்பு சொல்கிற மனிதர், தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை ஏலம் முடிந்த கையோடு மொபெட் எங்கள் வாசலில் வந்து நின்றது. “வா பாப்பா, ஒரு கடையப் பாத்துட்டு வந்திரலாம்” என்றார். எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே அம்மாவிடம் சொன்னார். “இத பாருக்கா, காசு குடுத்துத் தின்னா அது கடை. சும்மா தின்னாத்தான் சம்பந்தம். நான் காசு குடுத்துத்தான் திங்கப் போறேன். யாரும் ஒன்னு கெடக்க ஒன்னு நெனச்சுக்க வேணாம்.”

“சரிடா சாமி, போய்ட்டு வா” என்றாள் அம்மா. அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் பாயசக் கடையில் சத்தம் அடங்கிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் மார்க்கெட் ஆட்கள். ஒருவர் வாயில் வைத்த வடையை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. வாங்க என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளையே இலையைக் கொண்டுவந்து போட்டார். மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியதில் டம்ளர் நிரம்பி என் பாவாடையில் கொஞ்சம் சிந்தியது. மாமா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

“இட்லி. சாம்பார் தனியா ஒரு கப்புல.”

வந்தது. மாமா சாம்பாரை முதலில் மோந்து பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு இட்லியைப் பிய்த்து முக்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். இனிப்பு இருந்தது, ஆனால் முதலில் புளிப்பு வந்து, அது போன பிறகுதான் இனிப்பு வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. மாமாவின் கப் காலியானது. அவர் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை, கப் மட்டும் மறுபடி நிறைந்தது. அதுவும் காலியானது.

முதலாளி இப்போது எழுந்து வந்து எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“எப்படிங்க இருக்குது?”

“வெல்லம் இன்னும் போடறீங்க” என்றார் மாமா.

“போடறோம்ங்க. அத நிறுத்துனா அது எங்க கடையே இல்லைங்க.”

“புளி முன்ன மாதிரி இல்ல. தூக்கலா இருக்குது.”

“நீங்க அன்னிக்குச் சத்தம் போட்டதுக்கப்புறம் கூட்டுனதுங்க. ஆறு மாசம் எனக்கு ஆத்திரம் ஆறல. எங்க வூட்டுக்காரிதான் சொன்னா, கோவத்த விட்டுட்டு ஒருக்கா ஊத்திக் குடிச்சுப் பாருங்க, அந்தாளு சொன்னதுல பாதி நெசம்னு.”

மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கடைக்காரர் தன் தீர்ப்பைக் காதில் வாங்கி, அதற்காகக் கைப்பக்குவத்தை மாற்றியிருப்பார் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், எண்ணெயை மாற்றியவர் யாரும் கிடையாது. “இன்னும் ரெண்டு இட்லி வைப்பா” என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். முதல் தடவையாக மாப்பிள்ளை சிரித்தார்.

சாப்பிட்டு முடித்து, குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினார். துண்டில் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். “நீ போய்க் கல்லாவுல குடுத்துட்டு வா பாப்பா” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொபெட் பக்கத்தில் நின்று, தர்மபுரி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே பெருமை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கல்லாவுக்குப் போய் நோட்டை நீட்டினேன். முதலாளி நோட்டைப் பார்த்தார், வாசலில் தெரிந்த முதுகைப் பார்த்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நோட்டை என் கைக்குள்ளேயே வைத்து மூடினார். “பொண்ணு வூட்டுக்காரங்ககிட்ட நான் காசு வாங்கறதா? எடுத்துட்டுப் போ கண்ணு” என்று சொல்லி, இன்னொரு கை நிறைய சீனிச் சோம்பு கொட்டினார்.

மாமா ஒன்றும் கேட்கவில்லை. ஏறு என்றார், ஏறினேன். சோம்பு தீரும்வரை நானும் பேசவில்லை. ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற ரோட்டுக்கு வந்த பிறகுதான் மாமாவின் விதி எனக்கு ஞாபகம் வந்தது. காசு கொடுத்தால் கடை, சும்மா தின்றால் சம்பந்தம். மூடிய கையைத் திறந்து நோட்டைப் பார்த்தேன்.

“மாமா... அவுங்க காசு வாங்கல.”

மொபெட் நின்றது. “என்னது? வாங்கலியா?” என்று மாமா ஏலக் குரலில் கத்தினார். கரும்புக்குள் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து பார்த்தார்கள். “ஐயய்யோ, என்ன வேலை பண்ணிட்ட பாப்பா! கை நனைச்ச மாதிரி ஆயிப்போச்சே!”

நான் அழ ஆரம்பித்தேன். வீடு வந்து சேரும்வரை அழுதேன். வாசலில் இறங்கியதும், அப்பா, அம்மா, பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மாமா சொன்னார். “இனி என்னக்கா பண்றது? பாப்பா காசு குடுக்காம வந்துட்டா. கை நனைச்சாச்சு. இனிமே வேணாம்னு சொன்னா நமக்குத்தான் அசிங்கம். அவங்களுக்கு ஆள் அனுப்புங்க, நாள் பாக்கட்டும்.”

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, பிறகு என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். இத்தனை பெரிய தப்பைச் செய்தவளுக்கு எதற்காக முத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்குக் கிடைத்தது மேளம் இரண்டு தடவை கேட்கிற அதே ரோட்டோர மண்டபம்தான். மண்டபத்தைப் பற்றி மாமா அன்று ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பந்தியில் வெல்லம் போட்ட சாம்பாரை வாளியோடு வாங்கி அவரே பரிமாறினார். பார்க்கிறவர்களிடமெல்லாம், “எல்லாம் எங்க பாப்பா பண்ண வேலைங்க” என்று என்னைக் காட்டினார். நான் பட்டுப் பாவாடையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இன்றைக்கும் அந்தக் கடை இருக்கிறது. கல்லாவில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். போனில் தேடினால் நிறைய நட்சத்திரம் காட்டுகிறது. மாமா இப்போதும் அங்கே சாப்பிட்டுவிட்டு, அந்தக் கதையை அதே மாதிரி, பழியை என் தலையில் போட்டுத்தான் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

ஒரு ஐஸுக்குக்கூடக் காசை என் கையில் கொடுக்காத மனிதர், அன்றைக்கு மட்டும் ஏன் கொடுத்தார் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கரும்புக் காட்டு ரோட்டில் அத்தனை சத்தம் போட்டாரே, கடை அங்கிருந்து ஐந்து நிமிஷத் தூரம். வண்டியைத் திருப்ப அந்த ரோட்டில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது.