முப்பத்தாறு அடி

இது நடந்தது. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் புத்தி எனக்கு. அப்படியும் அன்று கேட்டதை நானே நம்பாமல் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். நேரங்களை மட்டும் சந்தேகிக்க முடியவில்லை. அவற்றை அப்போதைக்கப்போதே டைரியில் குறித்துவைத்திருந்தேன்.

என் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து மாதமாக அவளுக்குத் தூக்கமே இல்லாமல் இருந்தது. மாத்திரை, வெந்நீர்க் குளியல், எதுவும் பலிக்கவில்லை. போன மாதம் ஒருவருக்குப் போடவேண்டிய ஊசியை வேறொருவர் கையில் குத்தப்போய்விட்டாள். கடைசி நொடியில் யாரோ தடுத்தார்கள். மூன்று வாரம் லீவு கொடுத்து, அதற்குள் சரியாகாவிட்டால் வேலையை மறந்துவிடச் சொன்னார்கள். சத்தமே இல்லாத இடத்தில் ஒரே ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்று அவள் புலம்பியதால்தான் அந்த மலைப் பள்ளத்தாக்குக்குப் போனோம்.

தங்குவதற்கு வட்டமான கூடாரம். யர்ட் என்கிறார்கள். மரப்பின்னலைச் சுற்றித் தடித்த கம்பளித் துணி. நடுவில் கண்ணாடிக் கதவு வைத்த விறகு அடுப்பு. அதன் பக்கத்தில் இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு கை இடைவெளி. உள்ளே தரை முழுக்கக் கம்பளம், வெளியே கூடாரத்தைச் சுற்றிப் பலகைத் தளம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கூடாரம் காலி.

மாலை வகுப்பில் நான் நில அளவை படிக்கிறேன். புது இடம் என்றால் காலால் அளக்காமல் இருக்க முடியாது. பலகைத் தளத்தில் ஒரு சுற்று முப்பத்தாறு காலடி. உள்ளே சுவரை ஒட்டி நடந்தால் இருபத்தெட்டு.

"டேப்பு வேலைய ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் அக்கா. வீட்டில் எனக்கு அதுதான் பட்டப்பெயர்.

கூடாரங்களைப் பார்த்துக்கொள்பவர் விறகு கொண்டுவந்து போட்டார். பனியில் கயிறுகள் தளர்ந்துவிடுமாம். ராத்திரி ஒருமுறை வந்து இறுக்கிவிட்டுப் போவேன், காலடி கேட்டால் பயப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "நான் தூங்கிட்டேன்னா, மலையே இடிஞ்சு விழுந்தாலும் எழுப்பாதடீ." சத்தியம் செய்து கொடுத்தேன்.

மணி 11:20. வெளியே பலகையில் காலடி. டக்... டக்... டக்... கயிறு இறுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பழக்கதோஷம், எண்ணினேன். முப்பத்தாறு. அடுத்த சுற்றும் முப்பத்தாறு. எங்கேயும் நிற்கவில்லை. இறுக்க வந்தவர் ஒவ்வொரு கயிற்றிடமும் நிற்கவேண்டாமா?

11:50. இன்னும் நடை ஓயவில்லை. இப்போது முப்பத்துமூன்று. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்துமூன்றுதான்.

12:15. முப்பது. துணிச் சுவரில் கை உரசிக்கொண்டே வந்தது. சர்ர்ர்... அக்கா புரண்டு படுத்தாள். தூங்கிவிட்டாளா, விழித்திருக்கிறாளா, தெரியவில்லை.

12:40. பலகைச் சத்தம் நின்றது. மூச்சு விட்டேன். பிறகு வேறு சத்தம்.

தொப்... தொப்... கம்பளத்தின் மேல்.

எண்ணினேன். இருபத்தெட்டு.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டவள் நான்.

அடுப்பின் சிவப்பு வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்துகொண்டிருந்தது. சுற்றுக்கு ஒருமுறை அது மறைந்து மறைந்து வந்தது. குறுக்கே எதுவோ போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

1:30. இருபது.

2:10. பன்னிரண்டு.

பன்னிரண்டு அடியில் ஒரு கட்டிலைத்தான் சுற்ற முடியும். சுற்றியது அக்காவுடையதை. எங்கள் இருவருக்கும் நடுவே... அந்த ஒரு கை இடைவெளியில்... போனது. என் போர்வை ஓரம் அசைந்தது.

2:41. நின்றது. அவள் தலைமாட்டில்.



அக்காவின் மூச்சு சீரானது. மெல்லிய குறட்டை.

ஐந்து மாதத்தில் முதல் குறட்டை.

நான் எழுப்பவில்லை. பயத்தாலா, சத்தியத்தாலா... இன்றுவரை எனக்கே தெரியாது.

அக்கா ஒன்பது மணிக்கு எழுந்தாள். முகம், தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி, பளிச்சென்று இருந்தது. அவள் பெட்டியை அடுக்கும்போது நான் கூடாரக்காரரைத் தேடிப் போனேன். முந்தின நாள் சாயங்காலமே கால் சுளுக்கிக்கொண்டதாகவும், ராத்திரி அறையை விட்டு நகரவே இல்லை என்றும் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யார் கட்டில் பக்கம் நின்னுச்சு?"

சொன்னேன். அவர் உடனே எழுந்தார். நொண்டிக்கொண்டே வந்து எங்கள் பெட்டிகளைக் காரில் ஏற்றினார்.

லீவு முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். தினமும் தூங்குகிறாள். பழைய கேலி, பழைய சிரிப்பு எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. எல்லாம் என் மனப்பிரமை என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குக் கூடாரத்துல நடந்தியே, அந்தச் சத்தத்துலதான் எனக்குக் கண்ணு சொக்குச்சு. இங்கேயும் எனக்காகத் தினம் நடக்கிறே பாரு. உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கிச்சு, படுத்துக்கிட்டே எண்ணுறேன். முதல்ல பன்னெண்டு. இப்போ நாலு."

ராத்திரியில் நான் அவள் அறைக்குள் போனதே இல்லை. அவள் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. சுற்றி நடக்க வழி கிடையாது.

உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி தூங்குவாளா? தூங்காவிட்டால் அந்த வேலை? "சரி, நடக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இன்று காலை 6:35. தலை சீவிக்கொண்டே அறையிலிருந்து வந்தாள். முகத்தில் அவ்வளவு தெளிவு.

"நேத்து ஒரே ஒரு அடிதான் வெச்சே" என்றாள். "அதுக்குள்ள தூங்கிட்டேன்."