தம்பிக்குக் கட்டிய பாவாடை

எனக்குப் பிறகு பிறந்த ஆண் குழந்தைகள் இரண்டும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. அடுத்துத் தம்பி பிறந்ததும் மூக்குக் குத்தி, பாவாடை கட்டி, ‘பாப்பா’ என்றே கூப்பிட்டார்கள். கொண்டுபோக வருகிறவன் பெண் என்று நினைத்துத் திரும்பிவிடுவானாம். யார் அந்த வருகிறவன் என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் தெரு ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அவனைக் குளிப்பாட்டுவது என் வேலை. அதனால் அவன் பையன் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பாவாடை கட்டியதும் அவன் நிஜமாகவே பெண்ணாகிவிடுகிறான், அவிழ்த்தால் மறுபடி பையன் என்றுதான் நம்பினேன். அதனால் கதவைச் சாத்திய பிறகே சொம்பைத் தொடுவேன்.

“எனக்கு யாரும் வரமாட்டாங்களாம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “பொட்டப் புள்ள. உன்ன யாருடி வந்து கேக்கப் போறாங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கும் அன்று ஆறுதலாகத்தான் இருந்தது.

ஐந்து வயதில் திருவக்கரைக் கோயிலில் மொட்டை போட்டு, மூக்குத்தியைக் கழற்றி, அவனுக்குச் சட்டை டவுசர் மாட்டினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஊசி போட்டும் இறங்கவில்லை. அப்பா ஆட்டோ கூட்டிவரப் போயிருந்தார், அம்மா பின்கட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில், தெருவில் சத்தமே இல்லை.

“யாரோ நிக்கிறாங்கக்கா,” என்றான் தம்பி, வாசலைப் பார்த்து.

யாரும் இல்லை. ஆனால் படியில் படுத்திருந்த நாய் எழுந்து, வழிவிட்டு ஒதுங்கியது.

அவன் துணியை உருவினேன். என் கவுனைக் கழற்றி அவனுக்கு மாட்டி, நெற்றியில் பொட்டு வைத்தேன். வெறும் உடம்போடு நிற்கக் கூச்சமாக இருந்ததால் அவன் சட்டையையும் டவுசரையும் நான் போட்டுக்கொண்டேன். அக்குளில் இறுக்கியது.

அம்மா வந்தாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். அவனை வாரி முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பின்னாலேயே போன என்னைக் கையால் தடுத்தாள்.

“நீ இங்கயே குந்திக்கினு இரு கண்ணு. சட்டைய கயட்டாத.”

அவ்வளவு அன்பாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. ஆட்டோ வரும்வரை வாசலைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

தம்பி பிழைத்த கதையை வீட்டில் இப்போதும் சொல்வார்கள். நானும் பிழைத்தேன். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.