தேரன்றைக்கு ஆடிய சீட்டு

முதன்முதலாக நான் ஜெயித்தது நாற்பது செண்ட். நம் பணத்தில் பதினாறு ரூபாய் வரும். அதற்கு நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், முதுகு விண் விண்ணென்று தெறித்தது. இருந்தாலும் அன்றைக்குச் சாயங்காலம் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். சும்மாதான் என்றேன்.

காஞ்சிபுரத்தில், பெருமாள் தேர் போகிற சாலையில், ஐந்து கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் நெரியும். மற்ற நாளில் ஈ ஓட்டுவேன். பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வந்த ஒருவர், ஒருநாள் திரையை மூடாமல் எழுந்து போய்விட்டார். பச்சை மேசை, சுற்றி ஒன்பது பேர், சீட்டு. போக்கர். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, அவ்வளவுதான். பிறந்த வீட்டில் ரம்மி ஆடி வளர்ந்தவள் நான். இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது.

காசு கட்டாமல் சேரக்கூடிய போட்டிகளும் அதில் இருந்தன. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேருவார்கள், கடைசி வரை தாக்குப்பிடிக்கிற சில பேருக்குச் சில்லறை விழும். கெட்ட சீட்டு வந்தால் தூக்கிப் போடு, நல்லது வரும்வரை வாயை மூடிக்கொண்டு இரு. மருமகளாக வந்த பெண்ணுக்கு இதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன? நாற்பது செண்ட் மூன்று டாலர் ஆயிற்று, மூன்று முப்பது ஆயிற்று. ஆட்டக்காரர்கள் இதை பேங்க்ரோல் என்பார்கள். எனக்கு அது கைமுதல். கைமுதலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஆட்டத்திலும் கட்டுவதில்லை என்று வைத்திருந்தேன். என் கையிலிருந்து ஒரு பைசா உள்ளே போடவில்லை. பத்து மாதத்தில் இருநூற்று முப்பத்திரண்டு டாலர். வீட்டுக்காரரிடம் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் பட்டு சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர், சீட்டு என்றாலே முகம் சுளிப்பார்.

அப்போதுதான் அவருடைய அண்ணன் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். கடை இருந்த அறை அவர் பெயரில் இருந்தது. பக்கத்திலேயே சேலைக்கடை வைத்திருந்தவர் அதைப் பெரிதாக்க வேண்டும் என்றார்.

"டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் இங்கதான்மா வந்து நிக்குது. ஆடிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடு. கம்ப்யூட்டர வூட்லயே வெச்சிக்கினா ஆச்சு."

"வூட்டுக்குள்ள யாரு மாமா வந்து பிரவுசிங் பண்ணுவாங்க?"

"வராட்டி போறாங்க வுடு. உனக்கு இன்னாத்துக்குமா இந்த ரோதன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஐந்து பெட்டிகளும் என் நகையை விற்று வாங்கியவை. அடுத்த தெருவில் ஓர் அறை காலியாக இருந்தது. அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம். வீட்டுக்காரரிடம் கேட்டால், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அதையேதான் சொன்னார். அறுநூறு டாலருக்கு மேல் கையில் இருந்தால் அறை எனக்கு. இல்லையென்றால் கடைக்கு மூடுவிழா. இருபதில் ஒரு பங்கு என்று நத்தையாக ஊர்ந்தால் ஆடி போய் அடுத்த ஆடியும் வந்துவிடும். அதனால் என் விதியை நானே மீறி, இருபத்திரண்டு டாலர் கட்டி ஒரு பெரிய போட்டியில் பெயர் கொடுத்தேன். நாலாவது இடத்துக்குள் வந்தால் போதும்.

போட்டி நடந்தது வைகாசித் திருவிழாவில் தேரன்றைக்கு, காலை ஏழரைக்கு. வேண்டுமென்றேதான் அந்த நாளைப் பிடித்தேன். ஊரே தெருவில் நிற்கும், கடைக்கு ஒரு ஆள் வராது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிம்மதியாக ஆடலாம். என்ன புத்திசாலித்தனம்! தேர் வந்தால் கம்பியில் இடிக்காமல் இருக்க வழி நெடுக கரண்ட்டை நிறுத்துவார்கள் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தேரன்றைக்கு நான் ஒரு வருஷம்கூடக் கூரைக்குக் கீழே இருந்ததில்லை. வெயிலில், கூட்டத்தில், வடம் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு உள்ளே ஃபேன் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

முந்நூறு பேரில் ஒன்பது பேர் மிச்சம் இருந்தபோது ஃபேன் நின்றது. வெளியே "கோவிந்தா" என்று சத்தம். ஒரே ஒரு யூ.பி.எஸ்.தான் உருப்படியாக இருந்தது, அதுவும் கிழடு. என் பெட்டியும் மோடமும் அதில் ஓடின. குண்டு மானிட்டர்தான் கரண்ட்டை அதிகம் குடிக்கும் என்று தெரியும். அதை அணைத்துவிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தேன். என் முறை வந்தால் டிங் என்று ஒரு சத்தம் வரும். உடனே மானிட்டரைப் போடுவேன், சீட்டைப் பார்ப்பேன், தூக்கிப் போடுவேன், மறுபடி அணைப்பேன். இரண்டு பேர் வெளியே போனார்கள். ஏழு.

ஷட்டருக்குக் கீழே குனிந்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"இன்னா இது, இருட்டுல குந்திக்கினு? தேர் வாசல்ல வந்து நிக்குது. தட்டு எடுத்துக்கினு வா, அண்ணன் கத்திக்கினு இருக்காரு."

டிங். மானிட்டரைப் போட்டேன். அவர் முகத்தில் பச்சை வெளிச்சம் அடித்தது.

"சீட்டா? அடிப்பாவி, சீட்டா ஆடிக்கினு இருக்க?"

"அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க."

"பெருமாள் வாசல்ல நிக்கிறாரு. நீ உள்ள சூதாடிக்கினு..."

"கடைக்கு அட்வான்ஸுங்க இது! வாய மூடுங்க!"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் அவரை அப்படிச் சொன்னதே இல்லை. மனுஷன் என் பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தார். யூ.பி.எஸ். விடாமல் கத்த ஆரம்பித்தது. என் கையில் இரண்டு ராணி. இதைவிடப் பெரிய ஜோடி இரண்டுதான் உண்டு. மேசையிலேயே பெரிய காசுக் குவியல் வைத்திருந்தவன் மொத்தத்தையும் நடுவில் தள்ளியிருந்தான். அவனுக்கு அடுத்த பெரிய குவியல் என்னுடையதுதான். அவனோடு மோதி ஜெயித்தால் முதல் பரிசே வரலாம். தோற்றால் ஏழாம் இடம், அந்தப் பணம் எந்த மூலைக்கு? மற்றவர்களில் மூன்று பேர் கையில் சுண்டல் அளவுதான் இருந்தது. அவர்கள் தாமாகவே விழுந்துவிடுவார்கள். தூக்கிப் போட்டேன்.

"ராணி ரெண்டு இருக்குதே, ஏன் வுட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

சீட்டு என்றாலே முகம் சுளிக்கிறவர்! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திரை அணைந்தது. மோடம் விளக்கும் போய்விட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கற்பூரம் காட்டும்போது வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை, பயம்தான் இருந்தது. நான் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் என் சீட்டைத் தானாகத் தூக்கிப் போட்டு, என் குவியலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே இருக்கும். தேர் எங்கள் வாசலிலேயே சக்கரத்துக்குக் கட்டை போட்டு நின்றது. நகருமா என்றால் நகரவில்லை. பெருமாளையே கோபித்துக்கொண்டவள் அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். அவர் நகர்ந்து, முக்கால் மணி கழித்துக் கரண்ட் வந்தது.

பெட்டி உயிர் பிடித்து, மோடம் உயிர் பிடித்து, பக்கம் திறந்தபோது வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே குனிந்து நின்றிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்தான் படித்தார்.

"நாலுன்னு போட்டுக்குது. நானூத்தி இருவதுன்னும் போட்டுக்குது. நல்லதா, கெட்டதா?"

அந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக விழுந்திருந்தார்கள். நான் மேசையில் தலை வைத்து அழுதேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. சொசைட்டில லோன் போட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்."

"நான் ஜெயிச்சதுங்க."

"அதான் சொல்றேன், சொல்லாத."

சீட்டுக் கணக்கில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். செக் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆடி பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு அடுத்த தெருவில் கடை திறந்தோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், சேலைக்கடை ஆட்கள் வந்தார்கள். மாமா தம்பிக்குச் சால்வை போர்த்தினார்.

"என் தம்பி லோன் போட்டு பொண்டாட்டிக்குக் கட வெச்சிக் குடுத்துக்கிறான். எவன் செய்வான்?"

எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"லோன் இல்ல மாமா. நான் சீட்டாடி ஜெயிச்ச பணம்."

கூட்டம் குபீரென்று சிரித்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "தம்பி பொண்டாட்டிக்கு வாயப் பாத்தியா?" என்றார். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான்.