தூண் மண்டபத்தில் பத்து மணி

மெல்பேர்ன் தாவரவியல் பூங்காவில், ஆற்றைப் பார்த்த மேட்டில், வட்டமாக ஒரு வெள்ளை மண்டபம் இருக்கிறது. பத்துத் தூண்கள், மேலே குவிந்த கூரை. சுவர் கிடையாது, உள்ளே ஒன்றுமே கிடையாது. பழைய கிரேக்கக் கோயிலைப் பார்த்துக் கட்டியதாம். சாமி இல்லாததால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் கலியாணத்தை அங்கேதான் வைத்தோம்.

நான் படகில் வந்தவன். தற்காலிக விசா, ஊருக்குத் திரும்பிப் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. நான் தாலி கட்டுவதை அவர் போனிலாவது பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை. அம்மா பஞ்சாங்கம் பார்த்து, "காலமை பத்திலயிருந்து பதினொண்டு நல்ல நேரம்" என்றார். பன்னிரண்டு வருடமாக, "இப்ப உனக்கு மூண்டு மணி, சாப்பிட்டியே?" என்று என் மணியிலேயே பேசுகிற மனுசி. இதையும் என் மணியில்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். மடையன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பத்து மணிக்கு வெள்ளைக்காரப் பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்தோம். தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவை அழைத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி கேட்டது.

"என்ன மோனை, இந்த விடியப்புறத்தில? முகூர்த்தம் பத்து மணிக்கெல்லோ!"

அங்கே நாலரை. அவருடைய பத்து மணி எங்களுக்குப் பிற்பகல் மூன்றரை. ஐயோ, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்நேரத்துக்கு மண்டபத்தை வேறு சோடிக்குக் கொடுத்தாயிற்று என்றார் பூங்காக்காரர். இப்போதே கட்டிவிடலாமா என்று மனைவியைப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், எதற்கும் அவசரப்படமாட்டாள்.

"மாமி முகம் கழுவி, சீலை உடுத்துக்கொண்டு வரட்டும்," என்றாள். "அதுவரைக்கும் தாலி உங்கட பொக்கற்றுக்குள்ள கிடக்கட்டும்."

மூன்றரைக்கு, மண்டபத்துக்கு வெளியே புல்லில் நின்று கட்டினேன். போனில் அம்மா பட்டுச் சீலையோடு, அக்கம்பக்கத்துச் சனம் சூழ உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால், தூண்களுக்கு நடுவே, ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை பெண்ணின் விரலில் மோதிரம் மாட்டினான்.

அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினார்.

"பாத்தியளே, வெள்ளைக்காரரும் நான் பாத்த நேரத்துக்குத்தான் கட்டுகினம்."