பவுண்டு மோல்

தீக்குச்சி அணைந்ததும் மூக்கில் ஏறும் நெடியை அப்சானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆனால் பிழைப்பு அந்த நெடியோடுதான் அமைந்தது. அத்தா சாதுல்லா திருக்கோவிலூரில் செருப்புக்கடை வைத்திருந்தார். மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் இன்ஜினியராகச் சேர்ந்தாள்.

கரும்புச் சாற்றை வெளுக்க ஆலையில் கந்தகத்தை எரிப்பார்கள். சாறு எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் வாயுவை அப்படியே வெளியே விட்டால் ஊர் தாங்காது. அதனால் உயரமான ஒரு தொட்டிக்குள் அதை ஏற்றி, மேலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைப் பொழிந்து கழுவுவார்கள். ஸ்க்ரப்பர் என்று அதற்குப் பெயர். வாயுவின் ஒரு மூலக்கூறைப் பிடிக்கக் காஸ்டிக்கின் இரண்டு மூலக்கூறுகள் வேண்டும். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே டஜன் போல, மோல் என்று ஒரு பெரிய கொத்து. ஆயிரம் மோல் சேர்ந்தால் ஒரு கிலோமோல். மணிக்கு ஒரு கிலோமோல் வாயு வந்தால் மணிக்கு இரண்டு கிலோமோல் காஸ்டிக் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அப்சானாவின் பொறுப்பு.

அந்த வருஷம் அரவை தொடங்கும் முன் காஸ்டிக் எவ்வளவு போகிறது என்று காட்டும் பழைய மீட்டரைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்த டெக்னீஷியன் மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அரவை தொடங்கி இரண்டொரு நாள் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்க்ரப்பர் ஆபரேட்டர் காசிநாதன் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"யார்டுல கரும்பு வண்டி மாடுங்கல்லாம் இருமிக்கினு கீதும்மா. வண்டிக்காரங்க கண்ணு எரியுதுன்றாங்க."

"மீட்டர் இன்னாண்ணே காட்டுது?"

"ரெண்டு. கரெக்டா ரெண்டு."

அப்சானா ஓடிப்போய்ப் பார்த்தாள். வாயு ஒன்று, காஸ்டிக் இரண்டு. எண்ணில் தப்பிருந்தால்கூட அவளுக்குத் தைரியம் வந்திருக்கும். ஆனால் எல்லாம் சரியாக இருந்தது. எங்கோ குழாய் உடைந்திருக்கிறதோ என்று ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தொண்டை மட்டும் கமறியது.

மேனேஜர் சிவசங்கருக்குப் போன் போட்டாள். "சார், கந்தகத்த நிறுத்தணும். வாயு வெளிய வருது சார்."

"மீட்டர் இன்னா சொல்லுது?"

"சரியாத்தான் காட்டுது சார். ஆனா..."

"அப்புறம் இன்னாம்மா ஆனா? நிறுத்துனா அரவையும் நிக்கும், சாறு மொத்தமும் புளிச்சிப்பூடும். காத்து திரும்புனா நெடி போயிடும்."

போனை வைத்தாள். மீட்டரை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? காஸ்டிக்கைத் தேக்கி வைத்த தொட்டிக்கு வரும் குழாயை மூடச் சொல்லிவிட்டு, அந்தத் தொட்டியின் பக்கக் கண்ணாடியில் மட்டம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். கொஞ்ச நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. நின்று பார்த்தாள். யார்டிலிருந்து இருமல் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. மட்டம் பாதிகூட இறங்கவில்லை.

போக வேண்டியதை, போனதால் வகுத்தாள். இரண்டு புள்ளி இரண்டு.

அந்த எண் அவளுக்குத் தெரிந்த எண். ஒரு கிலோவுக்கு இரண்டு புள்ளி இரண்டு பவுண்டு. குனிந்து மீட்டர் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பொடி எழுத்தில் இருந்தது: மணிக்குப் பவுண்டு மோல். ஒரு பவுண்டு மோல் என்பது நானூற்றைம்பது மோல் சொச்சம்தான், ஆயிரம் இல்லை. திரையில் இரண்டு என்று காட்டியபோது, உள்ளே ஒரு கிலோமோல்கூடப் போகவில்லை.

"அம்மா, ஒரு ஆளு வுழுந்துட்டாரு!" வெளியே காசிநாதன் கத்தினார்.

பம்பை முழுக்கத் திறந்தாள். இரண்டு கிலோமோல் போகத் திரையில் நாலரை காட்டியாக வேண்டும். மூன்றுக்கு மேல் ஏறவில்லை. அதற்கு மேல் அவள் யாரையும் கேட்கவில்லை. கந்தக அடுப்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகு துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு யார்டுக்கு ஓடினாள்.

விழுந்து கிடந்தவர் எலவனாசூர்கோட்டை விவசாயி பூமாலை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் போல இழுத்தது. "காத்து வர்ற பக்கமா போங்க! வண்டிய வுட்டுட்டுப் போங்க!" என்று கத்திக்கொண்டே, காசிநாதனோடு சேர்ந்து அவரைத் தூக்கினாள். செத்துவிடுவாரோ, செத்துவிடுவாரோ என்பதைத் தவிர அவள் மனசில் வேறொன்றும் இல்லை.

பூமாலை பிழைத்தார். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகும் மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. பார்க்கப் போன அப்சானாவிடம் அவர் மனைவி குஞ்சம்மாள் கேட்டாள், "இன்னா ஆச்சிம்மா அன்னிக்கி?"

"அளவு மாறிப்போச்சிங்க. கிலோன்னு நெனச்சது பவுண்டா இருந்துச்சி. மாட்டுன அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்."

குஞ்சம்மாள் கணவனின் மார்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மீட்டரைக் கிலோமோலுக்கு மாற்றி, பம்பையும் பழுது பார்த்து ஆலையைத் திரும்ப ஓட்டிய அன்று, கந்தக அடுப்பைத் தொடங்கும் பொத்தானைச் சிவசங்கர் அவளையே அழுத்தச் சொன்னார். தொட்டி மட்டத்தை மூன்று முறை அளந்து பார்த்த பிறகே அழுத்தினாள். நேரே யார்டுக்குப் போனாள். சிவசங்கரும் பின்னாலேயே வந்தார். கரும்பு வண்டிகளுக்கு நடுவில் இருவரும் நின்றார்கள். மூச்சை இழுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக இழுத்தாள். தீக்குச்சி நெடி இல்லை; கரும்பின் வாசனைதான்.