சன்னாசியின் உள்ளங்கை

சுங்கை சிப்புட்டுக்கு மேற்கே ஒரு தோட்டம். அங்கே ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டும் ஸ்டோரில் சன்னாசிக்கு எண்ணெய் ஊற்றும் வேலை. எஞ்சினிலிருந்து வரும் பெல்ட்டு, கூரையடியில் கிடந்த நீள இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு சுழன்றால்தான் கீழே உருளைகள் ஓடும். தண்டைத் தாங்கிய பேரிங்குகளுக்கு ஏணி வைத்து ஏறித்தான் எண்ணெய் விட வேண்டும். விடும்போதே ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். நல்ல பேரிங் ஒரே சீராக அதிரும். உள்ளே தேய்ந்திருந்தால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குத்து வரும். பெல்ட்டின் தையல் பிரிந்திருந்தால் அந்தக் குத்து ஆற அமர வரும். பெல்ட்டு நீளம், சுற்றி வர நேரமாகும். எஞ்சின்காரர் பிச்சைமுத்து கீழிருந்து, "என்னடா சொல்லுது?" என்பார். இவன் சொல்வான். அவ்வளவுதான், யாரும் அதை ஒரு வித்தையாக நினைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், ஒருநாள் சோறு போடும்போது மனைவி இருளாயி அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். விரலிடுக்கில் கொப்புளம்.

"சுருட்டு சுட்டிருக்கு. தெரியலையா?"

"கவனிக்கல."

"இம்மாம் பெரிசு. எரியவே இல்லையா?"

அவன் மறுநாள் ஏணியில் ஏறி வலது கையைப் பேரிங்கில் வைத்தான். ஓடுகிற தண்டு நின்றுபோன தண்டு மாதிரி இருந்தது. இடது கையை வைத்தான், அதிர்வு வந்தது. இறங்கி, முன்னங்கையில் வெளிறிக் கிடந்த படையைச் சட்டைக் கையால் இழுத்து மூடிக்கொண்டான். குஷ்டம் என்கிற பெருவியாதி வந்தவர்களைக் கடலில் ஒரு தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கூட யாரும் போக முடியாது.

அன்றிலிருந்து இருளாயி அவன் தட்டை மட்டும் தனியாகக் கழுவி வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று இவனுக்குத் தெரிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் இடது கையும் மரத்துப்போனது. சன்னாசி ஒரு இரும்புக் கம்பியைத் தேடிப் பிடித்தான். ஒரு முனையைப் பேரிங்கில் ஊன்றி மறுமுனையைப் பல்லில் கடித்தால் அதிர்வு தாடை வழியாக மண்டைக்குள் ஏறியது. கையில் தெரிந்ததைவிடத் துல்லியமாகவே தெரிந்தது.

"கரும்பாடா திங்குற?" என்று பிச்சைமுத்து சிரித்தார். இவனும் சிரித்தான். தப்பிவிட்டதாகவே அப்போது நினைத்தான்.

சில மாதம் அப்படி ஓடியது. ஒரு காலை, நடு பேரிங்கில் கம்பியை ஊன்றியதும் பல்லில் குத்து விழுந்தது. தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. பக்கத்துப் பேரிங்குகளில் அதே குத்து மெலிசாகக் கேட்டது. பெல்ட்டு இல்லை, உள்ளே உடைந்திருக்கிறது. விட்டால் தண்டு முறியும். கீழே உருளைகளில் பெண்கள் நிற்கிறார்கள், இருளாயியும்தான்.

"அண்ணே, எஞ்சினை நிறுத்துங்க. நடு பேரிங் போயிருச்சு."

நிறுத்திவிட்டுப் பிச்சைமுத்து ஏணியருகே வந்தார். சன்னாசி மூடியைக் கழற்றி, உடைந்த உலோகத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"பாருங்கண்ணே, ரெண்டா போயிருக்கு."

பிச்சைமுத்து உலோகத்தைப் பார்க்கவில்லை. சன்னாசியின் கையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"கீழ போடுடா," என்றார் மெதுவாக.

சன்னாசிக்கு முதலில் புரியவில்லை. பிறகு தோல் கருகும் வாடை மூக்கில் ஏறியது. பெண்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருளாயி மட்டும் தலையைக் குனிந்திருந்தாள்.

கணக்கெழுதும் கிராணி தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரை அழைத்து வந்தார். டிரஸர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, "குத்துறேனா?" என்று கேட்டார். "குத்துறீங்க," என்றான். மறுபடி கேட்டார். "ம், குத்துறீங்க." அந்த இரண்டாம் தடவை டிரஸர் ஊசியைப் பையில் போட்டுவிட்டுத்தான் கேட்டிருந்தார்.

பிச்சைமுத்து துரையிடம் போய், இவன் இல்லையென்றால் கீழே நின்றவர்கள் உயிரே போயிருக்கும் என்றார். துரை ஒத்துக்கொண்டார். ஆனாலும் லாரி வந்தது. லுமுட் வரை லாரி, பிறகு படகு. அவன் பாயையும் துணியையும் லயத்துக்குப் பின்னால் எரித்தார்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

இருளாயி தீவுக்குப் போனது ஒரே தடவை. நடுவில் வேலி.

"கை ஆறிருச்சா?"

"ஆறிருச்சு. என் வேலைக்கு யாரு?"

"நம்ம லயத்து சீனிப் பயல போட்டிருக்காங்க."

"நீ இனி வராத, இருளாயி. இம்புட்டுத் தூரம் அலையாத. உன்னையும் ஊசியால குத்திப் பாப்பாங்க," என்றான். அவள் மறுப்பாள் என்று நம்பித்தான் சொன்னான்.

"சரி," என்றாள்.

படகுக்கு ஆளைக் கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். அவள் பீடோர் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாக மறுவருஷம் புதிதாக வந்த நோயாளி ஒருவன் சொன்னான்.

"அங்க ஸ்டோர் வேலையா, பால்வெட்டா?" என்று சன்னாசி கேட்டான்.

வந்தவனுக்கு அது தெரியவில்லை.