வாசலில் இருபது ஜோடி

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்று பயந்தேன். ஆனால் சமையலறையில் பிஸ்கட் டின்னை எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் ஓடி வந்து நிற்பாள். முதுகுக்குப் பின்னால் பாத்திர மூடியைக் கீழே போட்டால் அசையவே மாட்டாள். இது என்ன கணக்கு என்று எனக்குப் பயத்தைவிட ஆர்வம் கூடிப்போனது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் மூடிதான் நெளிந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார்.

"வீட்டுல தமிழ், மலாய், இங்கிலீஷ் எல்லாம் கலந்து பேசுறீங்க. பிள்ள கன்பியூஸ் ஆயிருச்சு. இங்கிலீஷ் மட்டும் பேசுங்க. ஸ்கூலுக்கும் நல்லது லா."

கணவர் அன்றைக்கே அதைச் சட்டமாக்கிவிட்டார். நான் படித்ததோ ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். கம், ஈட், ஸ்லீப், நோ. இந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? வாயாடி என்று பேரெடுத்த நான், பெற்ற மகளிடம் ஊமையாகிப் போனேன். அந்த டாக்டர்மேல் இன்னமும் எனக்குக் கோபம்தான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்த என்மேல் அதைவிடக் கோபம்.

யாரிடமும் சொல்லாத சந்தேகம் ஒன்றும் எனக்குள் இருந்தது. நான் யாரென்று இவளுக்குத் தெரியுமா? முகத்தையே பார்ப்பதில்லையே. யார் கை சோறு ஊட்டினாலும் இவளுக்கு ஒன்றுதானோ?

அந்த வருடத் தீபாவளிக்கு வழக்கம்போல, தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போக ஓப்பன் ஹவுஸ் வைத்தோம். கணவரோடு வேலை செய்கிற மலாய்க்காரர்கள், சீனர்கள், அக்கம்பக்கத்தார் என்று வீடு நிறைந்துவிட்டது. வாசலில் இருபது ஜோடிச் செருப்பாவது கலைந்து கிடந்திருக்கும். மகள் அதன் நடுவே போய் உட்கார்ந்து, ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கினாள். யாராவது கிளம்பி வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே அவர்களுடைய ஜோடியை எடுத்துப் படிப்பக்கம் தள்ளினாள். ஒன்றுகூட மாறவில்லை. சீன அங்கிள் ஒருவர், "பண்டாய் லா!" கெட்டிக்காரி என்று மலாயில் கைதட்டிப் பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. என்னுடையதை என்ன செய்வாள்? வரிசையில் தேடினேன். என் பழைய நீலச் சிலிப்பர் மட்டும் அங்கே இல்லை.

உள்ளேயிருந்து பக்கத்து வீட்டு ஆன்டி சத்தம் போட்டார். "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா செருப்ப வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கா! அதட்டி வைமா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். மகளின் பாயில், தலையணையை ஒட்டி, என் சிலிப்பர் ஜோடியாக இருந்தது. செருப்புத் தள்ளப்பட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் போய்விடாதபடி என்னுடையதை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

ஆட்டிசம் என்ற பெயர் எங்கள் காதில் விழ இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அன்றைக்கு என் வாயில் ‘நோ’ தயாராக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. மகளைத் தூக்கி வந்து அந்தப் பாயிலேயே உட்கார்ந்து, "அம்மா எங்கயும் போகலடி தங்கம், எங்கயும் போகல" என்று தமிழிலேயே சொல்லி அழுதேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிலிப்பரை மட்டும் சுவரோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.